திறந்த மூலமும் பூட்டிய மூலமும்

நிலமும் பொன்னும் நீர்ப்பாய்ச்சலும் காரணமாக மக்கள் இரு கட்சியாய்ப் பிரிந்து வழக்காடுதல் உலகத்து இயல்பு. ஆயின், கண்ணாற் காணவும் கையாற் பற்றவும் இயலாத ஒரு பொருளின்பொருட்டுக் கற்றறிந்த மாந்தர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு அணியாய் நின்று வாதாடி வருகின்றனர் என்றால் அது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். மென்பொருள் எனப்படுவதே அப்பொருள். கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதியை யாவர்க்கும் திறந்து காட்டுதல் வேண்டும் என்போர் ஒரு சாரார். அதனை ஆக்கியோர் தம் உடைமையாகப் பூட்டிவைத்து விலைக்கு விற்பதே முறை என்போர் மற்றொரு சாரார். இவ்வழக்கு கணினித்துறையார்க்கே உரியது, நமக்கும் இதற்கும் யாது தொடர்பு என்று நம் கலாசாலை மாணவருட் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையென்பது எம் கருத்து.

எமக்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதற்கண் கூறுவோம். நம் ஆண்டு மலரின் பழைய இதழ்களையெல்லாம் ஒருங்கு சேர்த்து வைத்தல் நலமென்று கருதி, சென்ற விடுமுறையில் அப்பணியை மேற்கொண்டோம். ஐம்பது அறுபது ஆண்டுகட்கு முன் அச்சான இதழ்களுட் சில பழுப்பேறியும் சில பூச்சியரித்தும் கிடந்தன. எனினும் அவற்றைப் படித்தறிதற்குத் தடையொன்றும் இல்லை. அதன்பின் கணினியில் எழுத்துக் கோத்த இதழ்களின் குறுந்தட்டுக்களை எடுத்துத் திறந்தோம். தமிழெழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் உரோமன் எழுத்துக்களும் பொருளற்ற குறிகளும் நிறைந்து கிடந்தன. அக்காலத்தில் ஒரு வணிகரிடம் விலைக்கு வாங்கிய எழுத்துருவினால் அவை கோக்கப்பட்டனவாம். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் அட்டவணையை அவ்வணிகர் தம்மிடமே வைத்திருந்தார். இன்று அவர் அத்தொழிலில் இல்லை. அச்சுப்பிரதி எஞ்சியிருந்த இதழ்களை, அதனோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு ஒருவாறு மீட்டோம். அச்சுப்பிரதி கிடைக்காத ஓர் இதழ் இன்னும் குறிகளின் குவியலாகவே கிடக்கின்றது. அதனுள் எழுதிய மாணவர் யாவர், எழுதியது யாது என்பதை அறிவார் இலர். பூச்சி தின்றதை நாம் பொறுத்துக்கொள்ளலாம். எழுதியவை முழுதும் கண்முன்னே இருந்தும் படிக்க இயலாமையை எங்ஙனம் பொறுப்பது?

வழக்கின் தன்மையை விளங்கிக்கொள்ளுதற்கு மென்பொருளின் இரு வடிவங்களை அறிதல் வேண்டும். நிரலாளர் கணினிக்குரிய கட்டளைகளை மனிதர் படித்துணரத்தக்க குறிமொழியில் எழுதுகின்றனர்; அதற்கு மூலநிரல் என்று பெயர். அம்மூலம் பின்னர் ஒன்றும் சுழியுமாகிய நீண்டதோர் இலக்க வரிசையாக மாற்றப்படும். அவ்வரிசை பொறிக்கு எளிது. மனிதர்க்கு மிக அரிது. பூட்டிய மென்பொருளை விற்போர் இவ்விரண்டாம் வடிவத்தையே நமக்குத் தருகின்றனர். வைத்தியர் ஒருவர் இலேகியத்தைச் சிமிழில் அடைத்துக் கொடுத்து, அதிற் சேர்ந்த சரக்கு இன்னதென்று சொல்ல மறுப்பதோடு, அதனைப் பகுத்தாராய்தலும் அயலார்க்குக் கொடுத்தலும் குற்றமென்று சீட்டெழுதி நம்மிடம் கையொப்பமும் வாங்குவாராயின் எப்படியோ, அப்படியே இதுவும். திறந்த மூலத்தாரோ சிமிழோடு செய்முறை ஓலையையும் சேர்த்துத் தருகின்றனர்.

தொடக்கத்தில் இவ்வழக்கு இல்லை. 1950களில் கணினி என்பது ஓர் அறையை நிறைக்கும் பெரும்பொறி. பொறியை வாங்கினோர்க்கு நிரல்களும் உடன் வந்தன. 1955-ல் ஐ.பி.எம். 704 என்னும் பொறியைக் கையாண்டோர் ‘ஷேர்’ என்றொரு சங்கம் அமைத்துத் தாம் எழுதிய நிரல்களை ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கினர். அப்பெயருக்குப் பகிர்தல் என்பதே பொருள். 1969-ல் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளைப் பொறியினின்றும் பிரித்துத் தனி விலை குறிக்கப்போவதாக அறிவித்தது. அதன்பின் நிரலும் ஒரு வாணிகச் சரக்காக வளர்ந்தது.

பூட்டுக் கட்சியின் வாதத்தை முதன்முதல் ஊரறியக் கூறியவருள் இருபது வயதினராகிய பில் கேட்ஸ் ஒருவர். அல்டேர் என்னும் சிறு கணினிக்காக அவரும் அவர் நண்பரும் பேசிக் என்னும் நிரல்மொழியை ஆக்கிக் கொடுத்தனர். கணினி ஆர்வலர் பலர் அதனை விலைகொடாமல் நகலெடுத்து வழங்கத் தலைப்பட்டனர். 1976-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் அவர் அவ்வார்வலர்க்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பெரும்பாலோர் விலை செலுத்தவில்லை யென்றும், கிடைத்த ஊதியத்தைக் கணக்கிட்டால் தம் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை யென்றும், ஊதியமின்றி இத்தகைய வேலையைத் திருத்தமாகச் செய்வார் யாருளர் என்றும் அதில் முறையிட்டார்.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடுதல் தகாது. பலர் பல திங்கள் கண்விழித்து ஆக்கியதை ஒரு நொடியில் நகலெடுத்துவிடலாம் என்னும் ஒரே காரணத்தால் அவர் உழைப்பு உழைப்பல்லாமற் போகுமோ? தச்சன் செய்த நாற்காலியை எடுத்துச் சென்றால் தச்சனிடம் நாற்காலி இராது. நிரலை நகலெடுத்தாலோ மூலம் ஆக்கியோனிடமே இருக்கும் என்று சிலர் வாதிப்பர். உண்மையே. ஆனால் தச்சன் விற்றது மரத்தை மாத்திரமன்று. அவன் நாளையும் திறத்தையும் சேர்த்தே விற்றான். அவ்வாறே நிரலாளனும் தன் நாளை விற்று வாழவேண்டியவனே.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் பணியாற்றி வந்தார். அக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தார் ஒரு லேசர் அச்சுப்பொறியைக் கொடுத்தனர். பழைய பொறியில் தாள் சிக்கினால் உரியவர்க்கு அறிவிக்கும்படி அவர் முன்னரே நிரலைத் திருத்தியிருந்தார். புதுப்பொறியின் மூலநிரல் கொடுக்கப்படாமையால் அங்ஙனம் திருத்த இயலவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அம்மூலத்தை வைத்திருந்த ஆசிரியரை அணுகியபோது, எவர்க்கும் கொடேன் என்று தாம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். கற்றோர் ஒருவர்க்கொருவர் உதவாதிருக்கும்படி கையொப்பமிடும் காலம் வந்துவிட்டதே என்று ஸ்டால்மன் வருந்தினார். 1983-ஆம் ஆண்டு செப்டம்பரில் குனூ என்னும் பெயரால் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்து, 1984-ல் தம் வேலையையும் துறந்து அப்பணியில் இறங்கினார். 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார்.

அவர் வேண்டியது நான்கு உரிமைகள்: நிரலை எப்பயனுக்கும் இயக்குதல், அதன் மூலத்தைக் கற்றுத் திருத்துதல், நகலைப் பிறர்க்குக் கொடுத்தல், திருத்திய வடிவையும் கொடுத்தல் என்பன. 1989-ல் வெளியான குனூ பொது உரிமம் இவற்றோடு ஒரு கடப்பாட்டையும் விதித்தது. இந்நிரலைப் பெற்றுத் திருத்திப் பிறர்க்கு வழங்குவோர் அதே உரிமைகளை அப்பிறர்க்கும் அளித்தல் வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் பூட்டுவதற்கே பயன்படும் என்று எண்ணியோர், அதே சட்டத்தைக்கொண்டு திறந்த கதவை மூடவிடாமற் காக்கவும் கூடும் என்பதை அன்று கண்டனர்.

ஆங்கிலத்தில் ‘பிரீ’ என்னும் ஒரு சொல்லே விடுதலையையும் விலையின்மையையும் குறிப்பதால் அங்குப் பெருங்குழப்பம் விளைந்தது. நம் மொழிக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இருந்தும் நம்மவர் இக்கட்சியைப் பற்றிப் பேசும்போது காசில்லாமற் கிடைப்பது என்னும் ஒன்றையே கருதுகின்றனர். மொழி பிரித்து வைத்ததை நாமே ஒன்றாக்கிக் குழம்புகின்றோம்.

1991-ல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் இருபத்தோராம் வயதில் லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதத் தொடங்கி, மறு ஆண்டில் அதனை மேற்கூறிய பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். 1998-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலத்தைத் திறப்பதாக அறிவித்தபோது, வணிகர் செவிக்கு இனிமையாயிருக்கும்படி திறந்த மூலம் என்னும் புதுப்பெயர் வழக்குக்கு வந்தது. இதனால் திறந்தோர் அணியிலேயே பிளவு நேர்ந்தது. பலர் கண்ணுக்குத் தெரிந்தால் பிழை விரைவில் அகலும், ஆதலின் திறத்தல் சிறந்த தொழின்முறை என்றனர் ஒரு பிரிவார். தொழின்முறை எவ்வாறாயினும் ஆகுக, திறத்தல் ஓர் அறக்கடன் என்றார் ஸ்டால்மன்.

போட்டி முற்றியது. 2001-ல் மைக்ரோசாப்ட் நிறுவனத் தலைவராயிருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பேசினார். 2003-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரசபை தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தீர்மானித்தபோது, அவரே நேரிற் சென்று நகரத் தலைவரைக் கண்டு பேசினார். நகரசபை இணங்கவில்லை. பத்தாண்டு முயற்சியில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாற்றப்பட்டன. ஆயின் பிற அலுவலகங்களோடு பத்திரங்களைப் பரிமாறுவதில் நேர்ந்த தொல்லையும் ஊழியர் சிலரின் குறைகூறலும் தலைமை மாற்றமும் சேர்ந்து, 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானம் ஆயிற்று. 2020-ல் அங்குப் பொறுப்பேற்ற கூட்டணியோ, இயன்றவிடமெல்லாம் திறந்த மூலத்தையே கொள்வோம் என்று உடன்படிக்கை செய்தது. ஒரு நகரம் பதினேழு ஆண்டுகளில் இருமுறை முடிவை மாற்றிக்கொண்டதெனின், இஃது எளிதில் தீர்ப்புக் கூறும் வழக்கன்று என்பது வெளிப்படை.

இதற்கிடையில் வாணிக உலகமும் மாறிற்று. 2017 நவம்பர்ப் பட்டியல் முதல், உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகளும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. நம் கையிலுள்ள ஆண்டிராய்டு தொலைபேசியின் அடிப்படையும் அதுவே. லினக்ஸைப் பழித்த மைக்ரோசாப்ட் நிறுவனம் 2016-ல் லினக்ஸ் அறக்கட்டளையிற் சேர்ந்தது. 2018-ல், திறந்த நிரல்களின் பெருங்களஞ்சியமாகிய கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்க உடன்பட்டது. பகைவன் நண்பனானான் என்று சிலர் மகிழ்ந்தனர். எமக்கோ வேறொன்று தோன்றுகின்றது. பூட்டின் இடந்தான் மாறியது. முன்னர் நிரலைப் பூட்டினர். இன்று திறந்த நிரலின்மேல் தம் சேவையைக் கட்டி, நம் எழுத்தையும் படத்தையும் கணக்கையும் தொலைதூரத்துத் தங்கள் கணினிகளில் வைத்துப் பூட்டுகின்றனர்.

திறந்தோர் பக்கத்துக் குறைகளையும் மறையாது கூறுவோம். ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த நிரல் உலகின் எண்ணிறந்த இணையத்தளங்களின் மறைச்செய்தியைக் காத்து நின்றது. 2014-ல் அதனுள் பெரும் பிழையொன்று வெளிப்பட்டபோதே, அதனைப் பேணியவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர் என்பதும், அவர்க்கு ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் என்பதும் ஊரறிந்தன. மூலம் திறந்திருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. 2024-ல் எக்ஸ்.இசட். என்னும் சிறு நிரலைத் தனியே பேணிச் சோர்ந்திருந்த ஒருவருக்கு உதவுவார்போல் வந்து நம்பிக்கை பெற்ற மறைமுகன் ஒருவன் அதனுள் கள்ளவாயில் ஒன்றை வைத்தான். தொலைக்கணினியுள் நுழைதற்கு அரைநொடி கூடுதலாயிற்றே என்று ஐயுற்று ஆராய்ந்த பொறியாளர் ஒருவர் அதனைக் கண்டுபிடித்தார். மூலம் திறந்திருந்தமையால் ஆராயக்கூடிற்று என்று திறந்தோர் பெருமை கொள்ளலாம். ஆனால் அப்பொறியாளர் மைக்ரோசாப்டின் ஊழியர் என்பதையும் அவர்கள் மறக்கலாகாது. கோடிக்கணக்கானோர் குடிக்கும் கிணற்றைத் தூர்வாரும் வேலையைக் கூலியின்றி ஒருவர் தலைமேற் சுமத்திவிட்டு, பொதுக்கிணற்றின் சிறப்பைப் பாடிக்கொண்டிருப்பது அறமாகாது.

அங்ஙனமாயின் எம் முடிபு யாது? இருபக்கமும் நியாயம் உண்டென்று கூறி நழுவுதல் எம் கருத்தன்று. மூன்று கூறுவோம்.

முதலாவது, ஆக்கியோன் தன் ஆக்கத்தை விற்கலாம். அதனைப் பூட்டியும் விற்கலாம். வேண்டாதார் வாங்காது விடலாம். ஆனால் நம் எழுத்தைப் பூட்ட அவனுக்கு உரிமை இல்லை. பேனா விற்றவன் அப்பேனாவால் எழுதிய கடிதத்துக்கு உடையவன் ஆகான். ஆகவே, நிரல் திறந்ததாயினும் பூட்டியதாயினும், அது நம் எழுத்தைச் சேமிக்கும் முறை எவரும் படித்துணரத்தக்க பொதுமுறையாய் இருத்தல் வேண்டும். இதற்கு நம் தமிழே சான்று. முன்னாளில் ஒவ்வோர் எழுத்துரு வணிகரும் ஒவ்வொரு குறியீட்டைக் கையாண்டமையால் ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்கக் கூடாதிருந்தது. 1991-ல் வெளியான யூனிகோடு என்னும் பொதுக்குறியீட்டில் தமிழும் இடம்பெற்றது. 2010-ல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது. யூனிகோடுச் சங்கத்தில் கூடியிருந்தோர் ஒருவரோடொருவர் போட்டியிட்ட பெரு வணிகரே. சரக்கில் போட்டியிட்டுக்கொண்டே அளவுகோலில் உடன்படலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இரண்டாவது, பொதுப்பணத்தால் ஆக்கப்படும் நிரல் பொதுமக்கட்குத் திறந்திருத்தல் வேண்டும். வரி செலுத்துவோன் ஒருமுறை ஆக்குதற்கும் மறுமுறை ஆண்டாண்டு வாடகைக்குமாக இருமுறை கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அரசின் பதிவேடுகளும் கலாசாலைகளின் ஆவணங்களும் ஒரு வணிகரின் ஆயுளோடு கட்டுண்டு கிடத்தல் ஆபத்து. ஒருகாலத்தில் ஏட்டுச் சுவடிகளை வீட்டுப் பரணில் வைத்துப் பூட்டி, கேட்டவர்க்குக் காட்டாமலே கறையானுக்கு இரையாக்கினோர் நம் நாட்டில் இருந்தனர். ஊர் ஊராய் அலைந்து சுவடி தேடிய உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சிட்டுத் திறந்து வைத்தமையாலன்றோ அவை இன்று நம் பாடநூலாயின? சுவடியைப் பூட்டியவர் பெயர் நமக்குத் தெரியாது.

மூன்றாவது, நம் மாணவர்க்கே உரியது, அவர்க்குக் கசப்பாயிருக்கலாம். நம் விடுதி அறைகளில் உள்ள கணினிகளுட் பலவற்றில் இருப்பது விலைகொடாமல் பெற்ற திருட்டு நகல். அதனைக் கையாண்டுகொண்டே பெரு வணிகரின் ஏகபோகத்தைக் கண்டித்துச் சொற்பொழிவாற்றுவாரும் உளர். இது வணிகர்க்கு எதிரான போரன்று. அவர்க்குச் செய்யும் ஊழியமே ஆகும். சீனர் தம் மென்பொருளுக்கு விலை கொடாமை குறித்து 1998-ல் பில் கேட்ஸ் பேசுகையில், திருடுவதாயின் தம்முடையதையே திருடுவது நலமென்றும், பழகிய பின்னர் விலைபெறும் வழியைக் கண்டுகொள்ளலாம் என்றும் கருத்துப்படக் கூறினார். ஆதலின் திருடுவோன் விடுதலை பெறுவதில்லை. பூட்டுக்குப் பழகிய கையாகவே மாறுகின்றான். விலைகொடுக்க விருப்பமுள்ளோர் விலைகொடுத்து வாங்குக. இயலாதார்க்கு லிப்ரே ஆபிஸ் முதலிய கட்டற்ற நிரல்கள் உள்ளன; அவற்றை நேர்மையோடு பெற்றுப் பயன்கொள்க. பெற்றதோடு நில்லாமல் பிழை கண்டால் தெரிவித்தும், விளக்கங்களைத் தமிழாக்கியும், நிரலெழுதத் தெரிந்தோர் ஒரு வரியேனும் திருத்திக் கொடுத்தும் கைம்மாறு செய்க. பொதுக்கிணற்றில் நீர் முகப்போன் ஆண்டுக்கு ஒருநாளாவது தூர்வாரக் கூடவேண்டுமென்பது நம் கிராமத்து வழக்கம். அதனைக் கணினிக்கும் பொருத்திப் பார்த்தல் அரிதன்று.

இம்மலரின் இவ்வாண்டுத் தமிழ்ப்பகுதி முழுதும் பொதுக்குறியீட்டிலேயே எழுத்துக் கோக்கப்பட்டுள்ளது. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து இவ்விடத்தில் அமர்வோர் நம் கருத்துக்களை மறுக்கலாம். நம் நடையைக் கண்டு நகைக்கவும் செய்யலாம். மறுப்பதற்கும் நகைப்பதற்கும் முதலில் அவர்கள் இதனைப் படிக்க இயலவேண்டுமே! படிக்க இயலாத அவ்வோர் இதழின் குறுந்தட்டை நூல்நிலையத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கின்றோம். அதன் குறியீட்டை அறிந்தாரோ, அவ்வாண்டின் அச்சுப்பிரதியை வீட்டில் வைத்திருப்பாரோ நம் பழைய மாணவருள் எவரேனும் இருப்பின் வந்து உதவுமாறு வேண்டிக்கொள்கின்றோம்.